குளிர்நீர்த் தொட்டிகளும் விதிகளும்

அமெரிக்க உடற்பயிற்சி நிலையங்களில் பெருகிவரும் குளிர்நீர்த் தொட்டிகளின் நீர் பெரும்பாலும் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருப்பதால், திடீரென அதில் இறங்குபவரின் மூச்சு தன்னிச்சையாக இழுபட்டு, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென உயரும் ‘குளிர் அதிர்ச்சி’ நேர்கிறது. இதய நோயாளிக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். இதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது தூய்மை: குளிர், கிருமிகளின் பெருக்கத்தை மந்தப்படுத்துமே தவிர அவற்றைக் கொன்றுவிடாது, போதாக்குறைக்குக் குளோரினின் வினையையும் தாமதப்படுத்துகிறது. அந்நாட்டில் பொதுக் குளங்களை ஒழுங்குபடுத்துவது மாநில, உள்ளூர் நிர்வாகங்களே; கூட்டாட்சி அரசின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் இக்குளங்களுக்காக 2014இல் முதன்முதலாக வெளியிட்ட மாதிரி விதித்தொகுப்பு, அவை விரும்பினால் ஏற்கத்தக்க வழிகாட்டி மட்டுமே. பலர் அடுத்தடுத்து இறங்கும் தொட்டியை வீட்டுக் குளியல் தொட்டியாகக் கருதாமல், வடிகட்டியும் கிருமிநீக்கமும் கண்காணிப்பாளரும் கட்டாயமான பொதுக் குளமாகவே மாநிலங்கள் வகைப்படுத்த வேண்டும்.