சேவைக்கு எதற்குச் சம்பளம்?

'ஊராட்சித் தலைவர் பதவி சேவை. சம்பளம் கொடுத்தால் காசுக்காகவே வருவார்கள்' என்ற வாதத்துக்கு எப்போதும் கைதட்டல் கிடைக்கும். இதே உபதேசத்தைக் கோட்டையில் யாரும் செய்வதில்லை. தமிழக எம்.எல்.ஏ.க்களின் மாத ஊதியம் 2017இல் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது. அரசியல் சட்டத்தின் 195ஆம் பிரிவுப்படி அதைத் தீர்மானிப்பது சட்டமன்றமேதான்.

பெரம்பலூரைப் பாருங்கள். 2023 ஜூலை முதல் நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000 ரூபாய் மதிப்பூதியம். குரும்பலூர் போன்ற பேரூராட்சியின் தலைவருக்கு 10,000. எல்லையைத் தாண்டி அடுத்த கிராம ஊராட்சிக்குள் நுழைந்தால் அது 2,000 ரூபாய்! அதுவும் ஆயிரமாக இருந்து உயர்ந்தது. வார்டு உறுப்பினருக்கோ கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி மட்டும்.

மோட்டார் பழுது, தெருவிளக்கு, குப்பை, நூறு நாள் வேலை என எல்லாவற்றுக்கும் மக்கள் தட்டுவது தலைவர் வீட்டுக் கதவைத்தான். காசோலையில் கையெழுத்திட்டுத் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. தவறினால் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவில் ஆட்சியர் பதவியைப் பறிக்கலாம். பொறுப்பு மட்டும் சேவைக் கணக்கில் வராது போலும்.

அரியலூர்ப் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகும் பெண், இடஒதுக்கீட்டில் தலைவரானால் அன்றாடக் கூலியை யார் தருவார்? சம்பளமில்லாப் பதவி நிலம் உள்ளவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும்தான் கட்டுப்படியாகும். பிரிட்டனில் தொழிலாளர்கள் நாடாளுமன்றம் போக வழிவிடவே 1911இல் எம்.பி.க்களுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு ஊதியம் வந்தது.

ஐந்தாண்டுக்கொரு முறை அமையும் மாநில நிதி ஆணையத்திடமே ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியத்தையும் நிர்ணயிக்கச் சொல்லலாம். சட்டமன்றத்தில் 110ஆம் விதியின் கீழ் வரும் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.