கோப்பை வாங்காத அண்ணன்களுக்கு ஒரு பக்கம்



நம் ஆண்டு மலர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் வாழ்த்துரைகள். பிறகு ரேங்க் வாங்கியவர்களின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். அதற்குப் பிறகு கம்பெனியில் வேலை கிடைத்தவர்களின் பட்டியல். நடுநடுவே காதல் கவிதை (யாருக்கு எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும்!), கடி ஜோக்ஸ். கால்பந்து அணி கோப்பை வாங்கிய வருஷமாக இருந்தால் 'அமர்ந்திருப்போர், நின்றிருப்போர்' என்று ஒரு அரைப்பக்கம் உண்டு. வாங்காத வருஷம் அதுவும் கிடையாது.

இந்த வருஷம் வாங்கவில்லை. மண்டலப் போட்டியில் இரண்டாவது ஆட்டத்திலேயே 2-1 என்று தோற்றுத் திரும்பினோம். அந்த அணியில் ஏழு பேர் இறுதியாண்டு. ஏப்ரலோடு போய்விடுவார்கள். அவர்களுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று மலர்க்குழுவிடம் கேட்டேன். "கவிதையா மட்டும் எழுதிடாதே" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பெயர் போட்டால் அண்ணன்கள் கூச்சப்படுவார்கள். ஜெர்சி நம்பரே போதும். யார் யார் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஈ.சி.ஈ. இரண்டாம் ஆண்டு. ஊர் பொழிச்சலூர். அப்பா நாகல்கேணியில் தோல் ஷெட்டில் வேலை பார்க்கிறார், அம்மா வீட்டிலேயே தையல். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமோ என்றால் என்ன, அரியர் என்றால் என்ன என்றெல்லாம் எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அரியர் வைத்தால் அம்மாவுக்குப் புரியாது என்பது ஒரு வசதிதான், ஆனால் இதுவரை வைக்கவில்லை.

எனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது 2015 வெள்ளத்தில். அடையாறு எங்கள் ஊர் ஓரமாகத்தான் போகிறது. அந்த டிசம்பர் தொடக்கத்தில் ஆறு எது, தெரு எது என்று தெரியவில்லை. எனக்கு அப்போ எட்டு வயசு. வீட்டுக்குள் சேறு. நாங்கள் ஹவுஸ் ஓனர் வீட்டு மாடியில் ஒரு ரூமில் இருந்தோம். கரண்ட் வந்த பிறகு அவர் வீட்டு டி.வி.யில் ஒரு சாயங்காலம் ஆட்டம் ஓடியது. சென்னையின் எஃப்.சி.யும் கொல்கத்தாவும் ஆடிய அரையிறுதி. சென்னை ஆட வேண்டிய ஆட்டம், ஆனால் ஊரே தண்ணியில் கிடந்ததால் டிசம்பர் 12-ஆம் தேதி அதைப் புனேயில் வைத்தார்கள். அந்த வயசில் எனக்கு ஆஃப்சைடு தெரியாது, கார்னர் தெரியாது. ஆனால் சொந்த வீட்டில் இருக்க முடியாமல் வேறு வீட்டில் போய் ஆடுகிறார்கள் என்பது மட்டும் நல்லாப் புரிஞ்சுது. 3-0 என்று ஜெயித்தார்கள்.

டிசம்பர் 20-ஆம் தேதி இறுதி ஆட்டம், கோவாவில் ஃபதோர்டா மைதானம், எதிரணி எஃப்.சி. கோவா. 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. ஹவுஸ் ஓனர் டி.வி.யை அணைக்க எழுந்தார். 90-ஆவது நிமிஷம் பந்து கோவா கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மேலே பட்டு உள்ளே போய்விட்டது. ஓன் கோல்! அடுத்த இரண்டு நிமிஷத்தில் மெண்டோசா ஒன்று அடித்தார். 3-2, கோப்பை நமக்கு. மாடியில் நாங்கள் குதித்த குதியில் கீழ்வீட்டு ஆயா திட்டினார்கள்.

அந்தக் கட்டிமணியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை கிரவுண்டு ஓரம் நின்று பிராக்டீஸ் பார்ப்பேன். ஒரு நாள் நாலாம் நம்பர் அண்ணன் வந்து ஒரு நோட்டை நீட்டினார். "சும்மாதானே நிக்கிற, யார் எத்தனை ஷாட் அடிக்கிறான்னு எழுதும்மா. இவனுங்க எல்லாரும் நான்தான் அடிச்சேன் நான்தான் அடிச்சேன்னு பொய் சொல்றானுங்க." அன்றைக்கு ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் இரண்டு நோட்டு முடிந்து மூன்றாவது ஓடுகிறது. அதனால் இந்த அணியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கேன்டீனில் உட்கார்ந்து விமர்சனம் செய்கிறவர்கள் யாரும் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை!

ஒன்றாம் நம்பர், நம் கோலி. மெக்கானிக்கல். காலை ஐந்து மணிக்குப் பம்மலில் வீடு வீடாகத் தண்ணி கேன் போட்டுவிட்டுத்தான் முதல் பீரியடுக்கு வருவார். பாதி நாள் தூங்கி வழிவார், அதற்காக வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. ஆனால் கோல் போஸ்டுக்கு நடுவில் நின்றால் கண் மூடி நான் பார்த்ததில்லை. "பந்து வர்றப்போ பிடிக்கறது ஈஸி, வராதப்போ முழிச்சிருக்கறதுதான் கஷ்டம்" என்பார். பீட்டர் தங்கராஜ் கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாய், 1956, 1960 இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய கோலி. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காய்ச்சலில் படுத்திருந்துவிட்டு, இறுதி ஆட்டத்துக்கு எழுந்து வந்து நின்றார். தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. "ஜுரத்தோட நின்னாருய்யா மனுஷன்" என்று அண்ணன் சொல்லும்போது ஏதோ நேற்று நடந்த மாதிரி இருக்கும்.

பத்தாம் நம்பர் கேப்டன், ஆட்டோமொபைல். இவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், போன வருஷ ஆண்டு விழாவில் ஆடியதும் இவர்தான். எனவே விட்டுவிடுகிறேன். ஏழும் பதினொன்றும் ஓடுவார்கள், ஓடிக்கொண்டே இருப்பார்கள், பந்து எங்கே என்பது இரண்டாம் விஷயம்.

நாலாம் நம்பரிடம்தான் நிறைய நேரம் நிற்க வேண்டும். சிவில், ஸ்டாப்பர் பேக். வாய் ஓயாது. விமானம் தலைக்கு மேல் போகும்போது ரெஃப்ரி விசில்கூடக் கேட்காது, இவர் திட்டுவது கேட்கும். என் நோட்டுக் கணக்குப்படி இரண்டு வருஷத்தில் ஒரு கோல்கூட அடித்ததில்லை. அடிக்க விடாமல் தடுத்தது எத்தனை என்று எழுத நோட்டில் கட்டமே போடவில்லை, அது என் தப்பு.

மண்டலப் போட்டியில் என்ன நடந்தது? 1-1. முடிய ஐந்து நிமிஷம். எதிரணி அடித்த கிராஸை வெளியே தட்டப் போனார். ஸ்டட் வழுக்கியது. பந்து நம் கோலுக்குள்ளேயே போய்விட்டது. அவ்வளவுதான். திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. வாய் ஓயாத மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பியவர் தாம்பரம் வரும் வரை திரும்பவில்லை. நோட்டில் கோல் அடித்தவர் என்ற இடத்தில் அவர் நம்பரைத்தான் எழுத வேண்டும். எழுதாமல் வைத்திருந்தேன். இறங்கும்போது அவரே நோட்டை வாங்கி '4' என்று எழுதி, பக்கத்தில் ஓ.கோ. என்று போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் கிளாஸ் போர்டில் சாக்பீஸால் 'ஓன் கோல் ஸ்டார்' என்று எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். இங்கே சொல்ல மாட்டேன். அந்த நண்பருக்குத்தான் இந்தப் பாரா.

எட்டு வயசில் ஹவுஸ் ஓனர் மாடியில் நான் குதித்தேனே, அந்தக் கோலும் ஓன் கோல்தான். அன்றைக்கு எனக்கு மெண்டோசா மட்டும்தான் தெரிந்தார். இன்னொரு பக்கம் சொந்த மாநிலத்து மைதானத்தில், சொந்த ஜனங்கள் முன்னாலே நின்ற அந்தக் கோவாக்காரரை ஒரு நிமிஷம்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது: 2022 மார்ச் 20, அதே ஃபதோர்டா மைதானம், அதே ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். கட்டிமணி இப்போது ஹைதராபாத் கோலி. கேரளா பிளாஸ்டர்ஸோடு 1-1, பெனால்டி ஷூட் அவுட். மூன்று பெனால்டியைத் தடுத்தார், கோப்பை ஹைதராபாத்துக்கு. ஆறு வருஷத்துக்கு மேலே ஆகியிருக்கு. நடுவில் எத்தனை பேர் எத்தனை போர்டில் என்ன எழுதினார்களோ!

ஆனால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர். அவருக்கு அடுத்த சீசன் உண்டு, அடுத்த கிளப் உண்டு. நம் நாலாம் நம்பருக்கு ஏப்ரலில் கோர்ஸ் முடிகிறது. பிராக்டிகல், தியரி, டி.சி. அதோடு சரி. எனக்கு நெஞ்சை அடைப்பது இதுதான், தோற்றது அல்ல.

"விளையாடி என்னடா கிழிக்கப் போறீங்க" என்று கேட்பவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ் என்று அலுவலக அணிகள் இருந்த காலத்தில் நன்றாக ஆடினால் வேலையே கிடைத்தது என்பார்கள். சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கிக்கு ஆடி இந்தியாவுக்கும் ஆடியவர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெரிய போட்டிகளில் பதக்கம் வேண்டும், மண்டலத்தில் தோற்ற நமக்கு அது எட்டாது. வியாசர்பாடி தனபால் கணேஷ் மாதிரி (2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக அவர் அடித்த கோலை மறக்க முடியுமா?) ஆயிரத்தில் ஒருவர்தான் அந்த உயரத்துக்குப் போகிறார். மற்றவர்கள் நம்மைப் போல. ஒன்றாம் நம்பருக்கு ஒரகடத்தில் அப்ரண்டிஸ். பத்தாம் நம்பர் லேட்டரல் என்ட்ரியில் பி.ஈ. போகிறார். நாலாம் நம்பர் சைட் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று முதலில் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருக்கிறது.

வேலை கிடைக்காது என்பதற்காக ஒன்றைச் செய்யக்கூடாது என்றால் நாம் கேன்டீனில் அரட்டை அடிக்கவும் கூடாது, அதற்கு எந்தக் கம்பெனியும் ஆள் எடுப்பதில்லை! எங்கள் வீட்டில் எனக்கு வழி சொல்ல ஆள் இல்லை என்றேனே. பஸ் பாஸ் எங்கே வாங்குவது, ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, லேப் ரெகார்டில் கையெழுத்து வாங்க எந்த நேரத்தில் போகலாம், எந்த நேரத்தில் போகவே கூடாது - இதெல்லாம் எனக்குச் சொன்னது அந்த கிரவுண்டு ஓரம்தான். ஏழு பேரில் ஐந்து பேர் என்னை மாதிரியே வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். தாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதைத் தண்ணி பாட்டில் கொடுக்கிற மாதிரி சாதாரணமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்றும் கொடுத்தார்கள். போன வருஷம் ஒரு நாள் பிராக்டீஸ் முடிந்து கேப்டன் அண்ணன் பந்தை என் பக்கம் உருட்டி, "எழுதினது போதும், அடி" என்றார். அடித்தேன். செருப்பு பந்தைவிட தூரம் போனது! சிரித்தார்கள், ஆனால் மறுநாளும் உருட்டினார்கள். இப்போது நாங்கள் எட்டு பெண்கள் இருக்கிறோம். அம்மா முதலில் சம்மதிக்கவே இல்லை. "பொம்பளப்புள்ள ஆறு மணி வரைக்கும் கிரவுண்டுல என்னடி பண்ணுவே?" நான் இந்துமதி கதிரேசன் படத்தைக் காட்டினேன். கடலூர்ப் பொண்ணு, தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் ஆனபோது இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர். 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை ஜெயித்து மறுபடியும் அந்தப் பட்டம் நமக்கு வந்தது. அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "போலீசா?" என்று மட்டும் கேட்டாள். இப்போது ஆறு மணி ஆறரை ஆனாலும் திட்டு குறைவு.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை: வரும் கல்வியாண்டில் பெண்கள் அணி என்று பேரேட்டில் எழுதுங்கள். ஜெர்சி வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு நாள் கிரவுண்டு, ஒரு பந்து, போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஆண் பெண் இருவருக்குமே அட்டெண்டன்ஸ். மண்டலப் போட்டிக்குப் போன நாலு நாளும் ஆப்சென்ட் விழுந்து அண்ணன்கள் அலைந்ததை நான் பார்த்தேன்.

அண்ணன்களே, கோர்ஸ் முடிந்தாலும் வாங்க. சுனில் சேத்ரி 2024 ஜூனில் கண்ணீரோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராக கோலும் அடித்தார். நம் பாஷையில் சொன்னால் அரியர் எழுத வந்த சீனியர். நீங்களும் வரலாம், அதில் மூன்று பேர் உண்மையிலேயே அரியர் எழுத வரத்தான் போகிறீர்கள்!

மூன்றாவது நோட்டில் தடுத்த பந்துகளுக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டேன். பந்துக்குக் காத்தடிக்கிற பம்பை நாலாம் நம்பர் அண்ணன் போன வாரம் என்னிடம் ஒப்படைத்தார். ஊசியைக் காணோம். எடுத்தவர்கள் தயவுசெய்து ஈ.சி.ஈ. இரண்டாம் ஆண்டு வகுப்பில் கொடுத்துவிடவும்.