யார் வீட்டு ஆதி?

எங்கள் வேலப்பன்சாவடிப் பக்கம் ஊர்ப்பெருமை பேச உட்கார்ந்தால் ஒரு பெரிய வீட்டில்தான் ஆரம்பிப்பார்கள். 'மொதமொதல்ல வந்து ஊரக் கட்டுன ஆதிக் குடும்பம்.' அந்த வீட்டம்மா ஏழைகளுக்குப் படியளந்த மகராசி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த வீட்டுக் கழனியில் நடவு நட்ட என் ஆயா சொல்வாள்: "அளந்தாங்கதான். அந்த நெல்ல வெளைய வெச்சது ஆருன்னு கேளுடா."

நான் கேட்கிறேன். யார் ஆதி? 1922இல் சென்னை மாகாண அரசு எம்.சி. ராஜாவின் தீர்மானத்தை ஏற்று நம்மை 'ஆதிதிராவிடர்' என்று ஏட்டில் எழுதியது. பேரில் ஆதி நாம். பட்டாவில் ஆதி அவர்கள். 1891இல் நம் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர், சேரிக்காரனுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று அறிக்கை எழுதினார். மறுவருஷம் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994இல் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊர்ப்பெருமை பேசுகிற வாய் எதுவும் இதைப் பேசாது.

சரி, பெரிய குடும்பத்துப் பெண் கதைதான் வேண்டுமா? நம்மிடமும் உண்டு. அன்னை மீனாம்பாள். 1904இல் ரங்கூனில் பிறந்தவர். தாத்தா மதுரைப் பிள்ளை அங்கே வணிகத்தில் பேரெடுத்தவர். அப்பா வாசுதேவப் பிள்ளை சென்னை மாநகராட்சியிலும் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தவர். அந்த வசதியோடு அம்மா வீட்டுக்குள் இருந்திருக்கலாம். மேடைக்கு வந்தார். 1937இல் திருநெல்வேலி ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். சென்னை மாநகராட்சியில் உட்கார்ந்தார். அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்துக்காகத் தென்னாட்டில் உழைத்தார். 1992இல் மறைந்தார்.

எங்கள் காலனிப் படிப்பகத்துக்கு அவர் பேரை வைக்கலாம் என்றேன். ஒரு தம்பி எழுந்தான். "அந்தம்மா பணக்கார வூடுண்ணா. நம்ம கஸ்டம் அவுங்களுக்கு இன்னா தெரியும்?"

தம்பி, மோதிலால் நேரு மகள் விஜயலட்சுமியைப் பார்த்து யாராவது இப்படிக் கேட்டார்களா? பணம் இருந்தால் நம்மாள் இல்லை, பணம் இல்லாவிட்டால் ஆளே இல்லை. இந்தக் கணக்கை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? ரங்கூன் பணம் அவரைப் படிக்க வைத்திருக்கும். சாதியைக் கழற்றி வைத்ததா? பிறந்த சாதிக்காகத்தானே கடைசிவரை பேசினார்!

அவரைச் சுருக்கியவர்கள் ரெண்டு தரப்பு. திராவிட மேடைக்கு அவர் 1938 நவம்பர் 13 என்ற ஒரு நாள் மட்டும். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் தந்த பெண்கள் மாநாட்டில் நின்றவர், அவ்வளவே. அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்ததை யாரும் கேட்பதில்லை. நம் மேடைக்கோ அவர் தலைவர் என். சிவராஜின் 'துணைவியார்'. நம் சுவரொட்டியில் ஆண்களின் படம் வரிசையாக இருக்கும். அம்மா ஓரத்தில் தபால்தலை அளவுக்கு. ஊர்க்காரன் நம்மைச் சேரியில் ஒதுக்கியதைக் கண்டிக்கிற நாம் நம் பெண்களை எந்தச் சேரியில் வைத்திருக்கிறோம்?

பெயர்ப்பலகை எழுதும்போது மறுபடி சண்டை. 'மீனாம்பாள் சிவராஜ்' என்று போடாவிட்டால் அய்யாவுக்கு மரியாதைக் குறைவாம். அய்யா 1945இல் சென்னை மேயர். அம்பேத்கருக்குத் தோளாக நின்றவர். ஒரு பலகையில் பேர் இல்லாததால் அவர் மரியாதை குறைந்துவிடாது. 'மீனாம்பாள் படிப்பகம்' என்றே எழுதினோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பேசும் நான் என் ஆயா கதையை அவள் இருக்கும்போது எழுதி வைக்கவில்லை. எத்தனை வயசில் நடவுக்குப் போனாள், கூலி எத்தனை படி, ஒன்றும் தெரியாது. அவள் செத்துப்போனாள். உங்கள் வீட்டில் ஆயா இருந்தால் இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.