அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு

எங்கள் ஊர்களில் குத்துவிளக்கை வாயால் ஊதி அணைக்கும் வழக்கம் இல்லை. திரியை எண்ணெய்க்குள் மெல்ல இழுத்துவிடுவார்கள். அல்லது பூவினால் ஒற்றி நூர்ப்பார்கள். 'அணை' என்ற சொல்லையே தவிர்த்து, 'விளக்கைக் குளிரவை' என்று சொன்ன பெரியவர்களும் இருந்தார்கள். இதனை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்குவோரும் அதற்குள் இருக்கும் நடைமுறைப் பாடத்தை மறுக்கமாட்டார்கள். ஊதினால் பொறி பறக்கும், எண்ணெய் சிதறும், திரி புகையும். ஒன்றை ஏற்றுவதற்கு ஒரு முறை இருப்பதுபோல, அதனை அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு.

இன்று நம்மவர் வீடுகளின் விறாந்தைகளிலும் கூடங்களிலும், தொலைக்காட்சிக்குக் கீழே வேறொரு பொருள் குடியேறியிருக்கிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோ சுவிட்ச் என்று பெயர்கள் பல. பிள்ளைகள் அதனைப் பொதுவாக 'கேம்' என்பார்கள். இதனை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றியே இன்று எழுத எண்ணுகிறேன். நாட்டில் ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, விளையாட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் இதில் பிள்ளையின் உயிர்ப் பாதுகாப்பும், ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பும், பெற்றோர்மீது பிள்ளை வைத்திருக்கும் நம்பிக்கையும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

பல வீடுகளில் நடப்பது இதுதான். சாப்பாடு ஆறிப் போகிறது. தாய் மூன்று முறை கூப்பிடுகிறார். 'இந்தா வாறன்' என்ற பதில் மட்டுமே வருகிறது. பொறுமை இழந்த தந்தை எழுந்து சென்று சுவரிலுள்ள ஆளியைத் தட்டிவிடுகிறார். திரை இருளுகிறது. பிள்ளை அலறுகிறான். 'ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு அழுகையா' என்று அதற்கும் ஏச்சு விழுகிறது.

இந்தத் தந்தையை நான் குறைகூற வரவில்லை. அவர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1990களின் முற்பகுதியில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சில்லு நின்றால் வானொலியும் நின்றுவிடும். மீண்டும் சுழற்றினால் மீண்டும் பேசும். அதற்கு இழப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மின்குமிழும் மின்விசிறியும் அப்படித்தான். நினைவு இல்லாத கருவிகளோடு வளர்ந்தவர்கள், இன்று நினைவு உள்ள ஒரு கருவியை அதே பழக்கத்தில் அணைக்கிறார்கள். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

விளையாட்டுப் பெட்டி என்பது உண்மையில் ஒரு கணினி. விளையாடிக்கொண்டிருக்கும்போதே அது பிள்ளை எட்டிய கட்டத்தையும் சேர்த்த பொருள்களையும் தன் சேமிப்பகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. பேரேட்டில் ஒரு பதிவை எழுதிக்கொண்டிருக்கும் எழுதுவினைஞரின் கையிலிருந்து பேரேட்டைப் பறித்தால் என்ன ஆகும்? அரைவாசி எழுதிய வரியை வைத்துக்கொண்டு மறுநாள் ஒருவராலும் கணக்குப் பார்க்க முடியாது. பத்திரிகை அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். சுழல் அச்சு இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் நின்றால் தாள் நடுவே அறுந்துவிடும். இயந்திரம் பழுதாகாவிட்டாலும் தாளை மீண்டும் கோத்து ஓடவைப்பதற்குள் நேரம் போய்விடும்.

நவீன கருவிகளில் இதற்குத் தற்காப்பு ஏற்பாடுகள் உண்டு. உதாரணமாக, பிளேஸ்டேஷன் 4 முறையின்றி அணைக்கப்பட்டால், அடுத்த முறை போடும்போது 'சரியான முறையில் நிறுத்தப்படவில்லை' என்று அறிவித்துவிட்டுத் தன் சேமிப்பகத்தைத் தானே சோதித்துப் பார்க்கும். ஆகையால் பெரும்பாலான தடவைகளில் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததால்தான் நாம் பழக்கத்தை மாற்றிக்கொள்வதுமில்லை. ஒரு நாள், ஏதோ ஒரு கணத்தில், பல வார உழைப்பு அழிந்துபோகும். அல்லது கருவியே எழும்ப மறுக்கும்.

இந்த ஆபத்தை உற்பத்தியாளர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள். 1987இல் அமெரிக்காவில் வெளியான 'த லெஜெண்ட் ஒஃப் செல்டா' என்ற நின்டெண்டோ விளையாட்டின் பேழைக்குள் ஒரு சிறு மின்கலம் இருந்தது. சேமித்த விளையாட்டை அதுவே காத்து வைத்தது. அணைக்கும்போது 'ரீசெற்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே அணைக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. மின்சாரம் வடியும் அந்தக் கணத்தில் கருவி தாறுமாறாக எதையாவது எழுதிவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம். பின்னர் 2001இல் ஜப்பானில் தொடங்கிய 'அனிமல் குரொசிங்' விளையாட்டுத் தொடரில் ரீசெற்றி என்று ஓர் அகழான் பாத்திரம் வந்தது. சேமிக்காமல் அணைத்துவிட்டுப் போன பிள்ளை மறுபடி வரும்போது, நிலத்துக்குள்ளிருந்து எழும்பி நின்று நீண்ட நேரம் ஏசித் தீர்க்கும். அணைக்கும் ஒழுக்கத்தை விளையாட்டுக்குள்ளேயே வைத்துப் படிப்பித்தார்கள். ஆனால் அந்த ஏச்சைக் கேட்டவர் பிள்ளை. சுவர் ஆளியைத் தட்டியவர் தகப்பன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய கருவிகளுக்கு இரண்டே நிலைகள்: போட்டிருத்தல், அணைத்திருத்தல். இன்றைய பெட்டிகளுக்கு நடுவில் உறக்கம் என்ற மூன்றாவது நிலை இருக்கிறது. திரை இருண்டிருக்கும், சத்தம் இராது. ஆனால் உள்ளே கருவி விழித்திருக்கும். இணையத்திலிருந்து புதிய மென்பொருளை இறக்கிக்கொண்டும் இருக்கலாம். பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றில் செம்மஞ்சள் நிற ஒளி தெரிந்தால் அது உறங்குகிறது என்று பொருள், அணைந்துவிட்டது என்று பொருளல்ல. நின்டெண்டோ சுவிட்ச்சின் பொத்தானை ஒருமுறை தட்டினாலும் அது உறங்கமட்டுமே செய்யும். மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால்தான் முழுவதும் நிறுத்தும் தெரிவு திரையில் வரும். எக்ஸ்பொக்ஸ் கருவிகளில் உறக்க நிலைக்கு 10 முதல் 15 வோற் வரை செலவாகிறது என்றும், முழு நிறுத்தத்தில் அது அரை வோற் அளவுக்குக் குறைகிறது என்றும் மைக்ரோசொப்ட் நிறுவனமே கணக்குச் சொல்கிறது. அந்நிறுவனம் 2023 ஜனவரியில் முழு நிறுத்தத்தையே இயல்புநிலையாக மாற்றத் தொடங்கியதற்கும் இதுவே காரணம். மின்கட்டணப் பட்டியலைக் கையில் பிடித்துப் பெருமூச்சு விடும் நம்மவர்கள் இதனைக் கவனிப்பது நல்லது.

ஆக, சரியான முறை என்ன? முதலில் விளையாட்டைச் சேமிக்கவேண்டும். அடுத்து, கருவியின் திரையில் உள்ள தெரிவின் மூலம் 'முழுவதும் நிறுத்து' என்று கட்டளையிடவேண்டும். மூன்றாவதாக, முன்புற ஒளி முற்றாக மறையும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குப் பின்னரே சுவர் ஆளியைத் தொடவேண்டும். மொத்தமாக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. கருவி வேலை செய்யும்போதும் உறங்கும்போதும் அதன்மேல் பின்னல் துணி போர்த்துவது, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது ஆகிய இரண்டும் கூடாது. உள்ளே வெப்பம் தேங்கும்.

இந்த முறைக்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. அதனைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவைக்கவேண்டும். புகை, கருகல் மணம், பொறி, கருவிக்குள் தண்ணீர் என்று எதைக் கண்டாலும் சேமிப்பது பற்றி யோசிக்கவே கூடாது. அந்தக் கணமே சுவர் ஆளியை, அதற்குக் கை எட்டாவிட்டால் வீட்டின் பிரதான ஆளியை நிறுத்தவேண்டும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடக்கூடாது. விளையாட்டைத் திரும்ப விளையாடலாம்.

இனி நம் நாட்டுக்கே உரிய சங்கடத்துக்கு வருவோம். கருவியோடு வரும் கைந்நூல், மின்சாரம் இடையறாமல் வரும் நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நாமோ 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டுக்கு முகங்கொடுத்தவர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருளில் மூழ்கியதாக அமைச்சர் சொன்னதைக் கேட்டவர்கள். ஆகவே மின்சாரம் திடீரென்று போனால், உடனே சுவர் ஆளியையும் நிறுத்திவிடவேண்டும். வரும்போது அது சீராக வருவதில்லை. வந்து, போய், மீண்டும் வரும். சில நிமிடங்கள் பொறுத்து, மின்குமிழ் நிலையாக எரிவதைக் கண்ட பின்னரே கருவியைப் போடவேண்டும். வசதியுள்ளவர்கள் ஒரு யூ.பி.எஸ். வாங்கலாம். ஆனால் அது தரும் சில நிமிடங்கள் சேமித்து நிறுத்துவதற்கே உரியவை, தொடர்ந்து விளையாடுவதற்கல்ல.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமுழக்கம் நாம் அறிந்ததே. மின்னலுக்கு ஆளியின் சிறு இடைவெளி ஒரு தடையே அல்ல. வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடவேண்டும். இணைய வயரையும் அன்ரனா வயரையும் கூடக் கழற்றவேண்டும். இடி தலைக்குமேல் வந்த பின்னர் கழற்றப் போவது ஆபத்து.

புலம்பெயர்ந்த உறவுகள் கொண்டுவரும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் வீடுகளுக்கு வருவது 120 வோல்ற்; இங்கே 230 வோல்ற். ரொறொன்ரோவிலிருந்து சித்தப்பா ஆசையோடு கொண்டுவந்த கருவி, பிளக்கில் செருகிய கணமே புகைந்துபோன கதைகளை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பிளேஸ்டேஷன் 5 போன்ற இன்றைய கருவிகள் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும். ஆனால் வட அமெரிக்காவில் விற்கப்பட்ட எக்ஸ்பொக்ஸ் 360, வீ போன்ற பழையவற்றின் அடப்டர்கள் அங்குள்ள மின்சாரத்துக்கு மட்டுமே உரியவை. செருகும் முன்னர் அடப்டரின் அடியிலுள்ள சிறு எழுத்துகளைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். 240 என்ற எண் அதில் இல்லையென்றால் செருகக்கூடாது.

அதேபோல, இரண்டு முள் பிளக்கை மூன்று துளைச் சொக்கெட்டில் செருகுவதற்காக மேல் துளைக்குள் பேனையை விட்டு நெம்பும் வழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். அந்தத் துளைகளின் மூடி பிள்ளைகளின் விரல்களைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டது. அதனைப் பேனையால் திறக்கும் வித்தையைப் பெரியவர்களே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா? நம் நாட்டு மூன்று முள் பிளக் பூட்டிய பொருத்தமான வயரைக் கடையில் சிறு தொகைக்கு வாங்கிவிடலாம்.

பழி முழுவதையும் பாவனையாளர்மீது சுமத்துவதும் நியாயமல்ல. 2005 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தீ அபாயம் காரணமாக 1 கோடி 41 இலட்சம் எக்ஸ்பொக்ஸ் மின்வயர்களை மாற்றிக்கொடுக்க முன்வந்தது. அதே ஆண்டில் சொனி நிறுவனமும் அளவுக்கு மீறிச் சூடாகிய பிளேஸ்டேஷன் 2 அடப்டர்களைத் திரும்பப் பெற்றது. பெரிய நிறுவனங்களின் பொருளும் பிழைக்கும். வயர் சுட்டால், பிளக் கருமை படிந்தால், அதனை மாற்றும்வரை கருவியைப் போடாதிருப்பதே புத்தி.

இறுதியாகப் பெற்றோருக்கு. இணையத்தில் பிறரோடு சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. 'இப்பவே நிப்பாட்டு' என்பதற்குப் பதிலாக 'பத்து நிமிசத்தில நிப்பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் கடந்தால் கண்டிப்பாக இருங்கள். ஆனால் நிறுத்தும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். நேரக் கட்டுப்பாடு வேண்டுமானால் அதற்கான வசதி மூன்று நிறுவனங்களின் கருவிகளிலும் உண்டு. சுவர் ஆளியைத் தண்டனைக் கோலாக்கினால், அடுத்த முறை பிள்ளை கற்றுக்கொள்வது நேரந்தவறாமையை அல்ல. தகப்பன் வரும் காலடிச் சத்தத்தை.

விற்பனையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இலட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் பெட்டியோடு, தமிழிலும் சிங்களத்திலும் ஒரேயொரு பக்கத்தில் இந்த முறைகளை அச்சிட்டுக் கொடுங்கள். பாவனையாளரைக் காக்கவென்று இருக்கும் அரச நிறுவனங்கள் அதனைக் கட்டாயமாக்கினால் இன்னும் நல்லது. ஒரு தாளின் செலவு அதிகமல்ல. கருகிய ஒரு கருவியின் விலையோடும் சுட்டுக்கொண்ட ஒரு பிள்ளையின் கையோடும் அதனை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.