எர்த்தாணு பிரஸ்னம், சாரே!

ஐப்பசி மழை. பேங்க்கை முடிச்சுட்டுக் கிளம்பினா, கிழக்கேகோட்டை பழவங்காடி பிள்ளையார் கோயில் பக்கத்துல வண்டி நின்னு போச்சு. சாவியைத் திருப்பினா ஒரு முனகல், அவ்வளவுதான். பின்னாடி கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸோட ஹாரன். தடை நீங்கணும்னு ஊரே வந்து தேங்காய் உடைக்கிற இடத்துல, நானே தடையா நடுரோட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன் :-)

வண்டி 1999 மாடல் மாருதி 800. அப்பா ரிடையர் ஆன காசுல மாயவரத்துல வாங்கினது. டிரான்ஸ்ஃபர்ல நான் திருவனந்தபுரம் வந்தப்ப அதுவும் கூட வந்தது. டி.என். நம்பர் போய் கே.எல். 01 ஆகி ஒரு வருஷம் ஆச்சு. 2014 ஜனவரியோட இந்த மாடல் தயாரிப்பே நின்னு போச்சு. "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?"ன்னு கேக்காத ஆள் எங்க பிராஞ்ச்ல கிடையாது.

கோளாறு அன்னைக்கு ஆரம்பிச்சதில்லை. ரெண்டு மாசமாவே காலையில ஸ்டார்ட் ஆக அடம். ஹெட்லைட் மங்கல். வைப்பர் தூக்கத்துல நடக்கிற மாதிரி நகரும். முதல் ஒர்க்‌ஷாப்ல பேட்டரி போச்சுன்னாங்க, 4,200 ரூபாய். பத்து நாள் நல்லா ஓடிச்சு, மறுபடி அதே கதை. ரெண்டாவது இடத்துல பிளக், பிளக் ஒயர், கார்புரேட்டர் சர்வீஸ்னு 2,800. மறுபடி அதே கதை. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரை மாத்தணும்னு 5,500-க்கு எஸ்டிமேட். வீட்டுல "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க"ன்னு தீர்ப்பே வந்துடுச்சு.

சாலை கடைத்தெருவுல பலசரக்கு வாங்கற தமிழ்க்கடை அண்ணாச்சிதான் ஒரு ஆசானைக் காட்டினார். அறுபது வயசு இருக்கும். ஸ்பேனரைத் தொடவே இல்லை, முதல்ல கேள்விதான். "சாரே, ஸ்டார்ட் பண்ணின பிறகு ஆக்ஸிலரேட்டர் கட்டியாயிட்டுண்டோ?" ஆமாம்! ஒரு மாசமா பெடல் இறுக்கமா இருந்தது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லை.

ஆசான் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில 12.6 வோல்ட், முழு சார்ஜ். அப்புறம் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்லயும் வச்சு, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள்ள காட்டணும். காட்டினது ரெண்டுக்கு மேல. "பேட்டரிக்கு ஒரு குழப்பமும் இல்லா. எர்த்தாணு பிரஸ்னம்." ஜம்பர் கேபிள் ஒண்ணை எடுத்து நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நேரா பிடிச்சார். தொட்டதும் ஸ்டார்ட்!

பேட்டரியில இருந்து கியர்பாக்ஸுக்குப் போற எர்த் ஒயரோட நுனி பச்சை பூத்து, பாதி இழை அறுந்திருந்தது. கம்பெனியைக் குத்தம் சொல்ல முடியாது, வயசும் இந்த ஊர்க் கடல்காத்தும் செஞ்ச வேலை. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். திரும்பிப் போக நேர்வழி இல்லாம, அந்தக் கரண்ட்ல ஒரு பங்கு ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாப் போயிருக்கு. கேபிள் சூடாகி, உள்ளே இருக்கற பிளாஸ்டிக் உறை இளகி, பெடல் இறுகிப் போச்சு. ஆல்டர்னேட்டரும் இன்ஜினோட உடம்பு வழியாத்தான் எர்த் ஆகுது. அதனால சார்ஜும் ஒழுங்கா ஏறலை, புது பேட்டரியும் படுத்துச்சு. ஒரே ஒரு ஒயர், நாலு நோய்.

நான் பி.காம். ஆளு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டுன்னு இருபது வருஷமா அதை வச்சுத்தான் சோறு திங்கிறேன். போன கரண்ட் திரும்பி வரணும், வர்ற வழியையும் பார்க்கணும்னு எனக்குத் தோணலை பாருங்க. டிரையல் பேலன்ஸ் இடிக்குதுன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ்ல போட்டு மூடினா ஆடிட்டர் விடுவாரா? வண்டிக்கு மட்டும் நாம அதைத்தான் பண்றோம், பாகம் பாகமா மாத்தி.

மெக்கானிக்குகளைத் திட்ட இந்தக் கதையைச் சொல்லலை. ஆசான் 450 ரூபாய் கேட்டார். கேபிளுக்கு 250, கூலி 200. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? "ஒரு ஒயர் மாத்தினதுக்கு 200-ஆ?"ன்னு பேரம் பேசினேன்! 4,200-க்கு பேட்டரி வாங்கினப்ப வாயைத் திறக்காதவன். பாகத்துக்கு பில் கொடுத்தா சந்தோஷமாக் கொடுக்கறோம், கோளாறைக் கண்டுபிடிச்ச மூளைக்குக் காசு கேட்டா முகம் சுருங்குது. அப்புறம் எந்த மெக்கானிக் அரைமணி நேரம் மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவான்? பாகத்தை மாத்தினாத்தான் அவன் வீட்டுல அடுப்பெரியும்னு ஆக்கினது நாமதான்.

இது சில்லறை விஷயமில்லை. 15 வருஷம் தாண்டினா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். 2025 பட்ஜெட்ல கேரளா பழைய வண்டிக்கான வரியை 50 சதவீதம் ஏத்திடுச்சு. இதுக்கு மேல அனுமானத்துக்கும் ஆயிரக்கணக்கில அழுதா, நல்லா ஓடற வண்டியும் காயலான் கடைக்குத்தான் போகும்.

அதனால பழைய வண்டிக்காரங்களுக்கு என் யோசனை. ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, ஐந்நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். நின்ன வண்டியில 12.6-ஐ ஒட்டியும், ஓடற வண்டியில 13.8-ல இருந்து 14.4 வரையும் காட்டுதான்னு பாருங்க. எர்த் டெஸ்ட் பண்ணும்போது நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு, ஃபேன் பெல்ட் பக்கம் கையைக் கொண்டு போகாம பண்ணுங்க. ஒர்க்‌ஷாப்ல "எதை மாத்தணும்?"னு கேக்காம "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்ற ஆள் கிடைச்சா, அந்தக் கூலியில பேரம் பேசாதீங்க.

ஆசானுக்கு மறுநாள் போய் 500 ரூபாய் கொடுத்தேன். 300-ஐத் திருப்பிக் கொடுத்துட்டு, "வண்டி நல்ல வண்டியாணு, களையருது"ன்னார். அப்பாவும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தார்.