வேலை இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க

இந்த வாரம் விதைக்கடலை எடுத்து வைக்கறதைப் பத்தி எழுதறதா இருந்தேன். அதுக்கு முன்னாடி மனசுல உறுத்திக்கிட்டு இருக்கற ஒண்ணைச் சொல்லிடறேன்.

தனியார் கம்பெனிக்காரங்க ஆளை நல்லா சோதிச்சுப் பாத்து எடுக்கறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எத்தனை தடவை வரணும்னு சொல்லாம மாசக்கணக்குல இழுக்கறதும், கடைசில ஒரு பதிலும் சொல்லாம விட்டுடறதும் அநியாயம்.

எங்க ஊரு செஞ்சி பக்கம். தம்பி மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சவன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டான். மார்கழில நாங்க கடலை விதைச்சப்ப செல்போன்லயே ஒரு பரீட்சை வச்சாங்க. வீட்டுல சிக்னல் நிக்காதுன்னு ஏரிக்கரை மேல உக்காந்து எழுதினான். அப்புறம் போன்ல ஒரு இன்டர்வியூ. அப்புறம் நேர்ல வரச் சொன்னாங்க.

நேர்லன்னா சும்மா இல்ல. செஞ்சிலேர்ந்து திண்டிவனம், அங்க சென்னை பஸ் பிடிச்சு சிங்கப்பெருமாள்கோயில்ல எறங்கி, மறுபடி ஒரகடத்துக்கு ஒரு பஸ். 10 மணிக்கு வரச் சொன்னா விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும். திரும்பி வர ராத்திரி ஆயிடும்.

முதல் தடவை மெஷினைப் பத்திக் கேட்டாங்க, நல்லா சொல்லிட்டு வந்தான். ரெண்டாவது தடவை போனா, கேள்வி கேக்க வேண்டிய மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. மூணாவது தடவை அந்த மேனேஜர் அதே கேள்விங்களையே கேட்டார். நாலாவது தடவை சம்பளம் பேசறவங்க கூப்பிட்டு, “கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான், ஒரு வாரத்துல சொல்றோம்”னாங்க. ஒவ்வொரு தடவைக்கும் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் தம்பி குடுத்தது சொசைட்டில பால் ஊத்தி வந்த காசு.

கடலை பிடுங்கி, காய வச்சு, மூட்டையும் கட்டியாச்சு. பதில் வரல. போன் பண்ணா எடுக்கறதில்ல. நடுவுல திண்டிவனத்துல ஒரு டிராக்டர் ஒர்க் ஷாப்புல இவனைக் கூப்பிட்டாங்க. முடிஞ்ச மாதிரின்னு சொல்லியிருக்காங்களேன்னு போகல. அந்த எடத்துக்கு வேற பையன் சேந்துட்டான். இப்ப டீக்கடைப் பக்கம் போகவே கூச்சப்படறான். போனா நாலு பேரு “என்னப்பா, வேலை என்னாச்சு?”ன்னு கேப்பாங்க.

“வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு வேற எடம் பாத்திருப்பேன் பெரியப்பா”ன்னான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

கோடி ரூபா மெஷினை நம்பிக் குடுக்கணும், அவசரப்பட முடியுமான்னு நீங்க கேக்கலாம். நியாயந்தான். நாங்களும் மாடு வாங்கறப்ப அவசரப்படறதில்ல. பல்லு பாப்போம், சுழி பாப்போம், நடக்க விட்டுப் பாப்போம், வண்டில பூட்டிக்கூடப் பாப்போம். ஆனா எல்லாத்தையும் அன்னைக்கே பாத்துடுவோம். பிடிச்சிருந்தா அச்சாரம் குடுப்போம். பிடிக்கலன்னா கயித்தை அவர் கையில குடுத்து, “நீங்க வேற ஆளைப் பாருங்க”ன்னு சொல்லிடுவோம். ஒருத்தர் மாட்டை நாலு சந்தைக்கு ஓட்டிக்கிட்டு வரச் சொல்லிட்டு நாம தலைமறைவாயிட்டா, அப்புறம் எந்தத் தரகரும் நம்மகிட்ட பேச மாட்டார்.

அரசாங்கத்தையே எடுத்துக்குங்க. கலெக்டராகப் போறவங்களுக்கு எழுத்துத் தேர்வு முடிஞ்சதும் டெல்லில ஒரே ஒரு இன்டர்வியூதான். மொத்தம் 2025 மார்க்குல அதுக்கு 275. வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு ரயில் செலவுக்கும் யு.பி.எஸ்.சி. பணம் குடுக்குது. மத்திய அரசுல குரூப் சி வேலைக்கும், கெஜட்டட் இல்லாத குரூப் பி வேலைக்கும் 2016 ஜனவரி 1-லேர்ந்து இன்டர்வியூவையே எடுத்துட்டாங்க. நம்ம வி.ஏ.ஓ. வேலைக்கு எழுதற குரூப் 4-லயும் இன்டர்வியூ கிடையாது. அரசாங்கத் தேர்வுலயும் ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடக்கறது உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா எத்தனை கட்டம்னு அறிவிப்புலயே போட்டுடறாங்க. பட்டியல்ல பேரு இல்லன்னா இல்ல, அத்தோட முடிஞ்சது.

ஒரு மாவட்டத்தையே ஆளப் போறவருக்கு ஒரு இன்டர்வியூ போதும்னா, மெஷின் பக்கத்துல நிக்கப் போற பையனுக்கு எதுக்கு இத்தனை?

இதைப் படிக்கற உங்கள்ல பல பேரு சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் நல்ல வேலைல இருக்கீங்க. சில பேரு ஆள் எடுக்கற எடத்துலயே இருப்பீங்க. உங்ககிட்ட நான் கேக்கறது நாலே விஷயம். எத்தனை கட்டம்னு முதல்லயே சொல்லிடுங்க. நேர்ல பாக்க வேண்டிய எல்லாரும் ஒரே நாள்ல பாத்துடுங்க. உங்க ஆளு லீவுன்னு திருப்பி அனுப்பினா, மறுபடி வர்ற பஸ் செலவை நீங்க குடுங்க. எடுக்கலன்னா போன்ல ஒரு வரி மெசேஜ் போட்டுடுங்க.

மெசேஜ் போட உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? அது வராததால எங்க வீட்டுப் பையனுக்கு ஒரு போகமே போயிடுச்சு. மழை இல்லன்னு தெரிஞ்சா நாங்க வேற பயிர் வச்சுப் பொழைச்சுக்குவோம். வரும் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாதான் நிலம் தரிசாக் கெடக்கும்.