ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்_புதுசு

எங்கள் துறையில் யாருடைய கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ஒரே பிசிபிக்கு நாலைந்து ஃபோல்டர் இருக்கும்: ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்_புதுசு. இதில் எது தயாரிக்கப் போனது என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது. ப்ரோக்ராம் தப்பாக இருந்தால் திருத்தி மறுபடி ஓட்டலாம். போர்டை அப்படிச் செய்ய முடியுமா? காசும் போச்சு, காத்திருந்த நாளும் போச்சு.

கீகேட் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய தகராறு லைப்ரரியில்தான். நாமே வரைந்த சிம்பல், ஃபுட்பிரிண்ட் எல்லாம் டி டிரைவில் எங்கோ கிடக்கும். ப்ராஜெக்டை மட்டும் பென்டிரைவில் நண்பனுக்குக் கொடுப்போம். 2021 டிசம்பரில் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து சிம்பல்கள் ஸ்கீமேட்டிக்குக்குள்ளேயே பதிந்துவிடுவதால் படம் என்னவோ சரியாகத் தெரியும். அதே சிம்பலை லைப்ரரியிலிருந்து இன்னொன்று எடுக்கப் போனால்தான் வண்டவாளம் வெளியே வரும் :-) லைப்ரரியை ப்ராஜெக்டுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, முழுப் பாதைக்குப் பதில் 'கேஐபிஆர்ஜேமோட்' என்ற மாறியைக் கொடுத்தால், ப்ராஜெக்ட் போகிற இடத்துக்கெல்லாம் லைப்ரரியும் போகும்.

கெர்பர்களுக்கு ரிவிஷனுக்கு ஒரு ஃபோல்டர். அனுப்பிய ஸிப்பை அப்புறம் தொடவே கூடாது. 'அதுக்குத்தான் கிட் இருக்கே' என்பார்கள். உண்மைதான், கீகேட் ஃபைல்கள் வெறும் டெக்ஸ்ட், கிட் நன்றாகவே வேலை செய்யும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆறு மாதம் கழித்து மேஜையில் கிடக்கும் போர்டு எந்த கமிட்டிலிருந்து வந்தது என்று கிட் எப்படிச் சொல்லும்? ரிவிஷன் எண்ணை சில்க்ஸ்கிரீனிலும் அச்சடித்துவிடுங்கள்.